கழிப்பறை கட்டியாயிற்று, காலரா ஏன் போகவில்லை?

2015இல் ஐக்கிய நாடுகள் தந்த கணக்குப்படி, உலகில் முறையான கழிப்பறை வசதி இல்லாதவர்கள் 240 கோடிப் பேர். 2017இல் அதே அமைப்புகள், அதே 2015ஆம் ஆண்டுக்கு வேறொரு எண்ணைத் தந்தன: 450 கோடி. இடையில் யாரும் கழிப்பறைகளை இடித்துவிடவில்லை. கேட்ட கேள்விதான் மாறியது. முதலில் கேட்டது, "வீட்டில் கழிப்பறை இருக்கிறதா?" பிறகு கேட்டது, "அதில் விழுந்த மலம் கடைசியில் எங்கே போகிறது?"

செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு வரும் குழப்பம் பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றாகக் கலந்துவிடுவதால் வருவது. ஒரு பக்கம் கழிப்பறைகளின் எண்ணிக்கை வருடா வருடம் ஏறுகிறது. இன்னொரு பக்கம் ஹைட்டியிலும் சாம்பியாவிலும் காலரா திரும்பி வருகிறது. இரண்டும் உண்மை. எப்படி என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

கணக்கெடுப்பில் உள்ள ஐந்து படிகள்

உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சேர்ந்து எடுக்கும் கணக்கில் வீடுகள் ஐந்து படிகளில் வைக்கப்படுகின்றன.

1. திறந்தவெளியில் மலம் கழிப்பவர்கள். 2024 கணக்கில் இவர்கள் 35.4 கோடி.
2. தளமே இல்லாத வெறும் குழி, வாளி, குளத்துக்கோ ஆற்றுக்கோ மேலே பலகை போட்டுக் கட்டிய கக்கூஸ் ஆகியவற்றைப் பயன்படுத்துபவர்கள்.
3. ஒழுங்கான கழிப்பறைதான், ஆனால் பல குடும்பங்களுக்குப் பொது.
4. ஒழுங்கான கழிப்பறை, ஒரே குடும்பத்துக்கு. இதற்குப் பெயர் அடிப்படை வசதி.
5. நான்காவது படியில் இருப்பதோடு, மலம் அங்கேயே பத்திரமாக மட்கிப்போகிறது, அல்லது வெளியே கொண்டுபோய்ச் சுத்திகரிக்கப்படுகிறது. இதுதான் பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் வசதி.

2015 வரை ஐ.நா.வின் இலக்கு ஏறத்தாழ நான்காவது படியோடு நின்றது. அதன்பின் வந்த நிலைத்த வளர்ச்சி இலக்குகள் ஐந்தாவது படியைக் கேட்கின்றன. அந்தப் படிக்கு வராதவர்கள் 2024இல் சுமார் 340 கோடி. இவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் ஏதோ ஒரு கழிப்பறை இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு மந்திரி கழிப்பறை எண்ணிக்கையைச் சொல்லும்போதும், ஒரு மருத்துவர் நோயாளிகளின் எண்ணிக்கையைச் சொல்லும்போதும் இருவருமே பொய் சொல்லாமல் இருக்க முடிவது இதனால்தான்.

மலத்திலிருந்து வாய் வரை

நோயுள்ளவரின் ஒரு கிராம் மலத்தில் கோடிக்கணக்கில் வைரஸ்கள் இருக்கலாம். பாக்டீரியாக்கள் லட்சக்கணக்கில், புழு முட்டைகள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். இவை இன்னொருவர் வாய்க்குப் போகும் வழிகளை 1958இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் வெளியீடு ஒன்றில் பொறியாளர்கள் வரைந்து காட்டிவிட்டார்கள்: தண்ணீர், விரல், ஈ, மண், உணவு. இன்றைக்கும் பொது சுகாதாரப் படிப்பில் முதல் பாடம் அந்தப் படம்தான்.

இதில் பலர் தவறவிடும் நுணுக்கம், எத்தனை கிருமி உள்ளே போனால் நோய் வரும் என்பது. காலராவுக்குப் பொதுவாக ஏராளமான கிருமிகள் தேவை. ஆகவே அது பெரும்பாலும் தண்ணீரையே வாகனமாக்கிக்கொள்கிறது. 1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் விநியோகித்தது. அங்கே சில மாதங்களில் ஏறக்குறைய 8,600 பேர் காலராவில் இறந்தார்கள். ஒட்டியே இருந்த ஆல்டோனா, ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த அதே ஆற்றில், அதுவும் கீழ்நீரோட்டத்தில், தண்ணீர் எடுத்தது. ஆனால் மணல் வழியாக வடிகட்டிக் கொடுத்ததால் பெரும்பாலும் தப்பித்தது. இரண்டு ஊருக்கும் எல்லையாக இருந்த தெருவில் ஒரு பக்கம் நோய், மறுபக்கம் இல்லை.

சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா அப்படியல்ல. 10 முதல் 100 கிருமிகள் போதும். அதற்கு ஆறு வேண்டாம், அழுக்கான விரல் நகமே போதும். குடிதண்ணீரை மட்டும் சுத்தம் செய்தால் காலராவை அடக்கலாம், ஷிகெல்லாவை அடக்க முடியாது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸ் இன்னும் பிடிவாதம்: நல்ல சாக்கடையும் குழாயும் உள்ள பணக்கார நாட்டுக் குழந்தைகளையும் அது விட்டுவைக்கவில்லை, தடுப்பூசி வந்த பிறகுதான் அடங்கியது.

வயிற்றுப்போக்கைத் தாண்டியும் பட்டியல் நீள்கிறது. கொக்கிப்புழுவின் இளம்புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியாகவே உடலுக்குள் நுழைந்துவிடும். உருண்டைப்புழுவில் ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். அவை ஈர மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கண்ணைக் குருடாக்கும் டிரக்கோமாவைப் பரப்பும் ஒருவகை ஈ, திறந்தவெளியில் கிடக்கும் மனித மலத்தில் முட்டையிடுவதையே விரும்புகிறது. மூடிய குழிக்கழிப்பறையில் அது பெருகுவதில்லை. கழிப்பறைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இந்த ஈதான் பதில்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2019இல் பாதுகாப்பற்ற தண்ணீர், கழிவகற்றல், கைகழுவும் வசதியின்மை ஆகிய மூன்றாலும் சுமார் 14 லட்சம் மரணங்கள். கழிவகற்றல் குறைபாட்டுக்கு மட்டும் 5,64,000. முன்பைவிட இவை குறைந்துதான் இருக்கின்றன. ஆனால் இந்தக் குறைவு முழுவதையும் கழிப்பறையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பேதியில் இழந்த நீரை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்கும் தடுப்பூசிக்கும் அதில் பெரிய பங்கு. ஒரு குழந்தை பேதியில் சாகவில்லை என்பதால் அதற்குப் பேதி வரவில்லை என்று ஆகாது.

குழிக்குள் விழுந்த பிறகு

பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் மலம் கடக்க வேண்டிய கட்டங்கள் ஐந்து: பிடித்து வைத்தல், அள்ளுதல், கொண்டுபோதல், சுத்திகரித்தல், மீதியை உரமாகவோ வேறு வழியிலோ தீர்த்தல். முதல் கட்டத்துக்குக் கல்வெட்டு வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம். மற்ற நான்குக்கும் முடியாது. பணமும் கவனமும் முதல் கட்டத்தோடு தீர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

செப்டிக் டேங்க் பற்றிய தவறான நம்பிக்கை ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது மலத்தைச் சுத்தம் செய்துவிடும் தொட்டி அல்ல. கனமானதை அடியில் படியவைத்து, கொஞ்சம் மட்கச் செய்து, மேலே தெளிந்த தண்ணீரை வெளியே விடும். தெளிந்த தண்ணீர் என்றால் பார்வைக்குத் தெளிவு, அவ்வளவே. கிருமிகள் அதில் நிறையவே இருக்கும். அந்தத் தண்ணீர் உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணில் வடிய வேண்டும். நம் ஊர் தெருக்களில் நடந்து பார்த்தால் தெரியும், எத்தனை வீடுகளின் பின்பக்கக் குழாய் நேராகத் தெருச் சாக்கடையில் முடிகிறது என்று. சில இடங்களில் அடித்தளமே போடாமல் குழியைத் தோண்டிவிட்டு அதையும் செப்டிக் டேங்க் என்றே சொல்கிறார்கள். 'பத்து வருஷமாக நிறையவே இல்லை' என்று ஒருவர் பெருமைப்பட்டால், அது எங்கே கசிந்துகொண்டிருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும். ஒழுங்காகக் கட்டிய தொட்டியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை காலி செய்தாக வேண்டியிருக்கும்.

காலி செய்யும் லாரி அதை எங்கே கொட்டுகிறது என்பது அடுத்த கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்காததன் விலையை ஒரு நாடே கொடுத்த கதைதான் ஹைட்டி.

ஹைட்டி, அக்டோபர் 2010

2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியைப் பெரிய நிலநடுக்கம் தாக்கியது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் லட்சக்கணக்கானவர்கள் கூடாரங்களில் இருந்தார்கள். அந்த நகரத்தில் பாதாளச் சாக்கடை என்பதே கிடையாது. ஆனாலும் ஒன்பது மாதங்களாக அங்கே காலரா வரவில்லை. குறைந்தது நூறு வருடங்களாகவே அந்த நாட்டில் காலரா பதிவானதில்லை.

அக்டோபர் நடுவில் அது வெடித்தது. கூடாரங்களில் அல்ல, தலைநகருக்கு வடக்கே, மலைப்பகுதியில், மிர்பாலே என்ற ஊருக்கு அருகில் ஓடும் மேய் ஓடையின் கரையில். அங்கே ஐ.நா. அமைதிப்படையின் முகாம் ஒன்று இருந்தது. அந்தச் சமயத்தில் நேபாளத்திலிருந்து புதிய படைப்பிரிவு வந்து சேர்ந்திருந்தது. நேபாளத்தில் அப்போது காலரா பரவிக்கொண்டிருந்தது.

முகாமில் கழிப்பறைகள் இருந்தன. தொட்டிகளும் இருந்தன. அவற்றைக் காலி செய்ய ஒப்பந்தக்காரரும் இருந்தார். கணக்கெடுப்பாளர் யாராவது போயிருந்தால் நான்காவது படி என்று டிக் அடித்துவிட்டு வந்திருப்பார். ஐ.நா.வே அமைத்த நிபுணர் குழு 2011 மே மாதம் தந்த அறிக்கையில் உள்ள விவரம் வேறு. குழாய்கள் ஏனோதானோவென்று போடப்பட்டிருந்தன. உடைந்தாலோ கசிந்தாலோ கழிவு ஓடையில் கலக்க வாய்ப்பிருந்தது. அள்ளிய மலக்கழிவு மேட்டில் வேலியில்லாத திறந்த குழியில் கொட்டப்பட்டது. மழை பெய்தால் அது வழிந்து ஓடையில் இறங்கக்கூடிய நிலை.

அந்த ஓடை சேரும் ஆர்ட்டிபோனிட், ஹைட்டியின் மிகப் பெரிய ஆறு. அதன் கீழ்ப்பகுதி நெல் விளையும் பூமி. வயலில் வேலை செய்பவர்கள் தாகத்துக்குக் கால்வாய்த் தண்ணீரைத்தான் குடிப்பார்கள். சில நாட்களுக்குள் செயின்ட்-மார்க் நகர மருத்துவமனை நோயாளிகளால் நிரம்பி வழிந்தது. பிரெஞ்சு நோய்ப்பரவல் ஆய்வாளர் ரெனோ பியாரூ நோயாளிகள் வந்த வரிசையையும் ஆற்றின் போக்கையும் பொருத்திப் பார்த்து, தொடக்கப்புள்ளி முகாமுக்கு அருகில்தான் என்று காட்டினார். 2011இல் மரபணு ஆய்வும் ஹைட்டியின் கிருமியும் நேபாளத்தின் கிருமியும் ஏறக்குறைய ஒன்றே என்று சொன்னது.

2019 தொடக்கம் வரை நீடித்த அந்தக் கொள்ளைநோயில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். ஏறக்குறைய 10,000 பேர் இறந்ததாகப் பதிவு. ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி-மூன் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில். ஆறு வருடம் கழித்து! அதோடு அறிவித்த 40 கோடி டாலர் உதவித் திட்டத்துக்கும் சிறு பகுதிதான் சேர்ந்தது.

சரி, கிருமி வெளியிலிருந்து வந்தது. ஆனால் கிருமி வருவது மட்டும் கொள்ளைநோய் ஆகாது. காலரா உள்ளவர்கள் லண்டனுக்கும் டோக்கியோவுக்கும் விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். ஒரு நோயாளியோடு அது முடிந்துவிடுகிறது. ஹைட்டியில் முதல் நோயாளிக்குப் பின்னால் மலத்துக்கும் குடிதண்ணீருக்கும் நடுவில் எந்தத் தடுப்பும் இல்லை. தீவிரக் காலரா உள்ளவர் ஒரு நாளில் 10 லிட்டருக்கு மேல் நீராகவே வெளியேற்றுவார். அது எல்லாம் மறுபடியும் மண்ணுக்கும் ஓடைக்கும்தான் போனது. 2022 அக்டோபரில், எரிபொருள் முனையத்தைக் கும்பல்கள் முற்றுகையிட்டுத் தலைநகரில் தண்ணீர் விநியோகம் தடுமாறிய நேரத்தில், காலரா மீண்டும் தலைகாட்டியது. கிருமியைப் பிரித்துப் பார்த்தபோது அது 2010இன் வாரிசாகவே தெரிந்தது.

பக்கத்து வீட்டுக் கழிப்பறை

இதுவரை சொன்னதைக் கேட்டால், கழிப்பறை கட்டிக்கொடுத்த ஊரில் நோய் குறைந்தே தீர வேண்டும் என்று தோன்றும். சோதித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த பதில் அவ்வளவு நேரானது அல்ல.

ஒடிசாவின் பூரி மாவட்டத்தில் 100 கிராமங்களை எடுத்து, பாதியில் அரசின் முழுச் சுகாதாரத் திட்டத்தின்படி கழிப்பறை கட்டினார்கள். அந்தக் கிராமங்களில் கழிப்பறையுள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தன. 2014இல் முடிவு வெளியானது: குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் மாற்றமில்லை, குடற்புழுவிலும் இல்லை.

பிரேசிலின் சால்வடார் நகரத்தில் நேர்மாறு. 1990களின் நடுவில் தொடங்கி நகரம் முழுக்கப் பாதாளச் சாக்கடை போட்டார்கள். இணைப்புள்ள வீடுகள் 26 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாயின. 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. முன்பு மிக மோசமாக இருந்த பகுதிகளில் 40 சதவீதத்துக்கும் மேல்.

இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை இப்படிப் பிரிக்கலாம்.

1. ஒடிசாவில் கழிப்பறை இருந்த வீட்டிலும் எல்லோரும் எல்லா நேரமும் அதற்குப் போகவில்லை. குழந்தையின் மலம் பெரும்பாலும் கொல்லையிலோ குப்பையிலோதான் விழுந்தது. குழந்தை மலம் அசுத்தமில்லை என்பது நம்மிடையே ஊறிய நினைப்பு. கிருமிக் கணக்கில் பெரியவர்களுடையதைவிட அது ஆபத்தானதாகவே இருக்கும்.

2. மூன்றில் ஒரு வீட்டில் கழிப்பறை இல்லையென்றால், மீதி இரண்டு வீட்டுக் குழந்தைகளும் அதே தெரு மண்ணில்தான் விளையாடுகிறார்கள். தடுப்பூசியைப் போல, இதிலும் ஒரு வீட்டின் பாதுகாப்பு பக்கத்து வீட்டின் கையில் இருக்கிறது.

3. சால்வடாரின் சாக்கடை மலத்தைத் தெருவிலிருந்தே அப்புறப்படுத்தியது. ஒடிசாவின் குழிகள் அதை அதே ஊரில் வைத்திருந்தன. குழி தரமாக இருந்தால் அது தவறல்ல. ஆனால் நிரம்பும் நாளுக்கான ஏற்பாடு யாரிடமும் இல்லை.

முதல் காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு 'ஜனங்களுக்குப் பழக்கம் இல்லை' என்று முடித்துவிடுவது அதிகாரிகளுக்கு வசதி. மற்ற இரண்டும் திட்டமிட்டவர்களின் வேலை.

உயரத்தில் தெரிவது

சில வருடங்களாக இன்னொரு விவாதமும் நடக்கிறது. அழுக்கான சூழலில் வளரும் குழந்தைக்கு, வெளிப்படையாக வயிற்றுப்போக்கு இல்லாவிட்டாலும், குடலின் உள்சுவர் ஓயாமல் கிருமிகளோடு மோதிச் சேதமடைகிறது. சாப்பிட்டது உடலில் ஒட்டுவதில்லை, வயதுக்கேற்ற உயரம் வருவதில்லை. இதுதான் கருதுகோள், குடல் சேதம் நிகழ்வது ஆய்வுகளில் தெரிந்த ஒன்று.

அப்படியானால் கழிப்பறையும் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொடுத்தால் குழந்தைகள் உயர வேண்டுமே? வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். 2018, 2019இல் வந்த முடிவுகள் துறையையே உலுக்கின. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு குறைந்தது: எதுவும் பெறாத குழுவில் 5.7 சதவீதம், கழிப்பறை பெற்ற குழுவில் 3.5. கென்யாவிலும் ஜிம்பாப்வேயிலும் அதுவும் குறையவில்லை. உயரமோ எந்த நாட்டிலும் கூடவில்லை. கூடுதல் ஊட்டச்சத்து பெற்ற குழந்தைகள் மட்டுமே சற்று உயர்ந்தார்கள்.

இதை வைத்துக் கழிப்பறையே வீண் என்று எழுதியவர்களும் உண்டு. எனக்கு அது அவசர முடிவாகப் படுகிறது. கொடுக்கப்பட்டது வீட்டுக்கு வீடு மலிவான வசதி. கோழியும் ஆடும் குழந்தையும் ஒரே மண் முற்றத்தில் புரளும் இடத்தில், ஒரு குழிக்கழிப்பறையும் ஒரு கைகழுவும் வாளியும் கிருமியின் அளவைப் போதுமான அளவு குறைக்கவில்லை என்பதுதான் அந்தச் சோதனைகள் நேராகச் சொல்வது. ஐரோப்பிய நகரங்கள் குழாய்த் தண்ணீர், சாக்கடை, சிமென்ட் தரை எல்லாவற்றையும் சேர்த்தே பெற்றன. அதில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்து முழுப் பலனை எதிர்பார்ப்பது நடக்காது.

யார் அள்ளுவது, யார் காசு கொடுப்பது

சாம்பியாவில் 2023 அக்டோபரில் தொடங்கிய காலரா 20,000க்கும் மேற்பட்டவர்களைத் தாக்கி 700க்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தது. தலைநகர் லுசாகாவில் ஒரு பெரிய விளையாட்டு அரங்கமே சிகிச்சை முகாமாக மாறியது, பள்ளித் திறப்பு தள்ளிப்போனது. அந்நகரின் கன்யாமா போன்ற குடியிருப்புகள் சுண்ணாம்புப் பாறை மேல் இருக்கின்றன. பாறையில் ஆழமாகத் தோண்ட முடியாது. ஆழமில்லாத குழியிலிருந்து கசிவது பாறை வெடிப்புகள் வழியாக ஆழமில்லாத கிணறுகளுக்குப் போகிறது. மழைக்காலத்தில் குழியும் கிணறும் ஒரே மட்டத்தில் நிரம்புகின்றன.

அங்கே கழிவு உறிஞ்சும் லாரி பல சந்துகளில் நுழையாது. நுழைந்தாலும் குழாய் அடைத்துக்கொள்ளும், ஏனென்றால் குழிக்குள் பழந்துணி, பிளாஸ்டிக், முடி என்று குப்பை அத்தனையும் கிடக்கும். அதனால் நீளக் கைப்பிடி போட்ட கொக்கியாலும் மண்வெட்டியாலும் ஆட்கள் கிளறி எடுத்து, பீப்பாய்களில் நிரப்பி, தள்ளுவண்டியில் கொண்டுபோகிறார்கள். ஹைட்டியில் இந்த வேலை செய்பவர்களுக்கு 'பாயாக்கு' என்று பெயர். இரவில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குழிக்குள் இறங்குவார்கள். பகலில் தொழிலைச் சொல்ல மாட்டார்கள். இந்தியாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் மனிதரை இப்படி இறக்குவதைத் தடைசெய்கிறது, ஆனாலும் தொட்டிக்குள் விஷவாயு தாக்கி இறப்பவர்களின் செய்தி நிற்கவில்லை.

குழிகளே தோண்ட முடியாத, சாக்கடையும் போட முடியாத இடங்களுக்கு வேறு வழி ஒன்று உண்டு. ஹைட்டியின் வடக்கே காப்-ஹைட்டியன் நகரத்தில் சாயில் என்ற அமைப்பு வீடுகளுக்கு மூடியுள்ள வாளி பொருத்திய கழிப்பறை தருகிறது. நிரம்பியதை வாரந்தோறும் எடுத்துக்கொண்டு காலி வாளியை வைத்துவிட்டுப் போவார்கள்; சேர்ந்தது ஓரிடத்தில் சூடேறி மட்கி, கிருமி செத்து, உரமாகிறது. ஐந்து கட்டங்களும் ஒரே கையில். வீட்டுக்காரர்கள் மாதக் கட்டணம் கொடுக்கிறார்கள், ஆனால் அது செலவில் ஒரு பகுதிக்குத்தான் வரும். மீதி நன்கொடையில் ஓடுகிறது. பணக்கார நகரங்களின் சாக்கடைக்கும் வரிப்பணம் இப்படித்தான் போகிறது; அங்கே அதை யாரும் உதவி என்று சொல்வதில்லை.